பதினோராண்டுப் பள்ளிப்படிப்பு டெல்லியில் செல்லுமா?

கேள்வி: மியான்மரின் பழைய முறையில் 11 ஆண்டுகள் பள்ளியில் படித்தவர் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேரலாமா?

பதில்: இளநிலைப் பட்டத்துக்கு இந்தியா கேட்பது 12 ஆண்டுப் பள்ளிக்கல்வி. 11 ஆண்டோடு நிற்கும் சான்றிதழ் பொதுவாக அதற்கு ஈடாகாது. பிரிட்டிஷ் முறையின் ஓ-லெவலும் 10ஆம் வகுப்புக்கே சமம். மேலே ஏ-லெவல் முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கு நெடுங்காலம் இணைத்தன்மைச் சான்று வழங்கிவந்தது 1925இல் தோன்றிய, டெல்லியிலுள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு.

இந்தக் குறை இந்தியாவுக்கும் புதிதல்ல. 1970களில் 10+2 முறை வரும்வரை டெல்லிப் பள்ளிகளின் ஹயர் செகண்டரியே 11 ஆண்டுதான். தமிழ்நாட்டில் 11 ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பின் கல்லூரியிலேயே ஓராண்டு பி.யு.சி. எனும் புகுமுக வகுப்பு இருந்தது, 1978இல் பிளஸ் டூ வந்ததும் அது மறைந்தது. அத்தகைய இணைப்பாண்டு இன்று இல்லாதது அயல்நாட்டு மாணவர்களுக்குப் பெரிய இழப்பு. ஏ-லெவலையோ அதற்கு இணையான 12ஆம் வகுப்பையோ முடித்துவருவதே அவர்களுக்கு வழி.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்குப் பொது நுழைவுத் தேர்வு கிடையாது. வெளிநாட்டு மாணவர் பதிவகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே பள்ளிச் சான்றிதழே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் பணம் கட்டுமுன் இணைத்தன்மையை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.