சொப்பும் உருஷியும்

குற்றாலத்துச் சாரற்காலத்தில் கடைவீதியிற் சிறுமியர் கண்ணைக் கவர்வன மரச்சொப்புகள். உரல், உலக்கை, அம்மி, திருகை, அடுப்பு என ஓர் அடுக்களை முழுவதும் சிறியதோர் ஓலைப்பெட்டியில் அடங்கிவிடும். இவற்றிற்குப் பேர்பெற்ற ஊர், தென்காசிக்குத் தென்கிழக்கிலுள்ள அம்பாசமுத்திரம்.

இச்சொப்பின் அரக்குப் பூச்சையும் ஜப்பானியரது கிண்ணப் பூச்சையும் ஆங்கிலேயர் 'லாக்கர்' என்றே வழங்குவர். பொருளோ வெவ்வேறு. ஜப்பானியரது 'உருஷி' ஒரு மரத்தின் பால். பச்சையாக மேனியிற் பட்டாற் கொப்புளிக்கும். நம்முடையது கிளைகளில் வாழும் சிறு பூச்சியின் பிசின். உருஷியை வெயிலில் உலர்த்துவதில்லை; ஈரக்காற்று நிறைந்த பேழையில் வைத்தே இறுகச் செய்வர்! பூச்சின்மேற் பூச்சாக ஒரு கிண்ணம் முடியப் பல மாதங்கள் செல்லும். நம் கைவினைஞரோ, கடைசற்பொறியிற் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவர். உராய்வின் வெம்மையால் அஃது உருகிப் படியும். பின்னர்த் தாழையோலையால் தேய்க்க, மெருகேறும். சில நிமிட வேலைதான். எனினும் அழுத்தம் சீராயில்லாவிடின் நிறம் திட்டுத்திட்டாகும். அவ்வளவைக் கைதான் அறியும். ஏட்டில் எழுதிக் கற்பித்தல் அரிது.

ஜப்பானிய அரசினர் வாஜிமா நகரத்து உருஷித் தொழிலை 1977-இல் பேணத்தக்க பண்பாட்டுச் செல்வமென அறிவித்தனர். 2024 ஜனவரி 1-ஆம் நாள் நிலநடுக்கத்திலும் தீயிலும் அங்குப் பட்டறைகள் பல அழிந்தன; அவ்வாண்டிலேயே தற்காலிகக் கொட்டகைகளில் தொழில் மீண்டும் தொடங்கிற்று. கிண்ணத்திற்கு இத்துணை மதிப்பு. சொப்பையோ நாம் பிள்ளைவிளையாட்டென்று பேரம் பேசி வாங்குகிறோம். முன்னர் அதற்குரிய மரம் மஞ்சட்கடம்பு. அஃது அருகியபின் தேக்கும் இரப்பர் மரமும் கடைசலுக்கு வந்துள்ளன.