இல்லத்திலே பின்னம் பயிற்றுவோம்

கணக்குப் பாடத்தில் மகிழ்ச்சியோடு முன்னேறி வந்த குழந்தை, பின்னம் வந்ததும் திகைத்து நிற்பதைப் பெற்றோர் பலரும் கண்டிருப்பர். எட்டு நான்கைவிடப் பெரிது என்று அதுவரை கற்ற குழந்தை, 1/8 என்பது 1/4-ஐவிடப் பெரிது என்று எண்ணிவிடுகின்றது. இது அறிவுக் குறைவன்று. முழு எண்களில் ஊறிய பழக்கத்தின் விளைவு. இத்திகைப்பை அப்போதே நீக்காவிடில், விகிதம், சதவீதம், வட்டி, இயற்கணிதம் ஆகிய யாவும் பின்னாளில் வெறும் மனப்பாடச் சுமையாகிவிடும். இதனை இல்லத்திலேயே நீக்கும் வழிகளை இங்கு முறையாகக் காண்போம். தாய்மாரும் பாட்டிமாரும் எளிதிற் செய்யக்கூடியவையே இவை.

1. பொருள் முதலில், குறி இறுதியில்

1/4 என்று எழுதிக் காட்டித் தொடங்குதல் கூடாது. ஒரு தோசையை நான்கு துண்டாக்குக. முதன்முறை வேண்டுமென்றே ஒரு துண்டைப் பெரிதாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் வெட்டி, "இவை ஒவ்வொன்றும் காலா?" என்று வினவுக. "இல்லை, ஒன்று பெரிதாக இருக்கிறது" என்று குழந்தை தானே சொல்லட்டும். பங்குகள் சமமாக இருத்தல் வேண்டும் என்னும் முதல் விதியை அது கண்டுகொண்டது. அடுத்து ஒரே அளவான இரு தோசைகளில் ஒன்றை நான்காகவும் மற்றொன்றை எட்டாகவும் சமமாக வெட்டிக் காட்டுக. பங்குபெறுவோர் மிகுந்தால் பங்கு சிறுக்கும் என்பது விளங்கிவிடும். பின்னரே 1/4, 1/8 என்னும் குறிகளைத் தாளில் எழுதுக.

2. தமிழ்ச் சொல்லின் துணை

ஆங்கில வழியில் பயிலும் குழந்தை "ஒன் பை ஃபோர்" என்று சொல்லும்போது அதன் செவியில் விழுவன இரண்டு எண்கள் மட்டுமே. "நான்கில் ஒன்று" என்று தமிழில் சொன்னால், முழுப்பொருள் நான்காகப் பகுக்கப்பட்டது என்பது முன்னும், அதில் ஒன்றை எடுத்தோம் என்பது பின்னும் வருகின்றன. சொல்லே விளக்கமாகிவிடுகின்றது. ஆகவே பள்ளியில் எம்மொழியிற் பயின்றாலும், இல்லத்தில் "ஐந்தில் மூன்று", "எட்டில் ஐந்து" என்று சொல்லிப் பழக்குக. நம் அரக்கோணம், திருத்தணிப் பகுதியில் தெலுங்கு பேசும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் உளர். அவர்கள் கூறும் அர, பாவு, முப்பாவு என்பவை நம் அரை, கால், முக்காலே என்று காட்டினால் குழந்தைகள் மகிழ்வர்.

3. அளந்து பார்த்தல்

பழைய அளவைகள் வீட்டுப் பரணில் இருப்பின் இறக்குக. ஒரு படிக்கு இரண்டு உரி, நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு. அரிசியை ஆழாக்கால் அளந்து படியை நிரப்பும் குழந்தைக்கு, அரைக்கால் என்பது எட்டில் ஒன்று என்பதும், இரண்டு அரைக்கால் சேர்ந்து கால் என்பதும் கைப்பழக்கமாகிவிடும். அளவைகள் இல்லாத வீட்டில் அரை லிட்டர் பால் பையும் ஒரே அளவான குவளைகளும் போதும்.

முன்னோர் பெயர்களிலேயே கணக்கு ஒளிந்திருக்கின்றது. மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதன் பெயரோ மாகாணி! வீசம் என்பதும் அதுவே. 1957-இல் தசம நாணய முறை வருமுன் ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓரணா ரூபாயில் வீசம். நாலணா என்றால் கால் ரூபாய் என்பது இன்றும் மூத்தோர் நாவில் உள்ளது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லலாம்.

4. கூட்டும்போது நேரும் பிழை

1/2 + 1/3 = 2/5 என்று பல குழந்தைகள் எழுதுவர். உடனே சிவப்புக் கோடு இடவேண்டா. "2/5 அரையைவிடப் பெரிதா, சிறிதா?" என்று வினவுக. சிறிது. அரையோடு ஒன்றைக் கூட்டியபின் அரையைவிடக் குறைவாக வருமா? வராது என்று குழந்தையே உணரும். பின்னர் 12 செ.மீ. நீளக் காகிதப் பட்டை ஒன்று தருக. அதில் அரை 6 செ.மீ.; மூன்றில் ஒன்று 4 செ.மீ.; கூடுதல் 10. ஆகவே விடை 10/12, அதாவது 5/6. பங்குகளை ஒரே அளவான சிறு துண்டுகளாக மாற்றியபின்னரே கூட்ட இயலும் என்பதே இதன் கருத்து.

இவ்விடத்தில் நம் சமணப் பேரறிஞர் மகாவீராசாரியரை நினைவுகூர்தல் தகும். ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் அவர் வடமொழியில் இயற்றிய கணிதசாரசங்கிரகம், 1912-இல் சென்னையில் எம். ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. பின்னங்களுக்கு அந்நூல் விரிவான இடம் தருகின்றது. மேலே 1 மட்டுமே உள்ள பின்னங்களைக் கூட்டி முழு ஒன்றைப் பெறும் வழியும் அதில் உண்டு. 1, 3, 9, 27 என மும்மடங்காக எழுதி, முதல் எண்ணை இரண்டாலும் கடைசி எண்ணை மூன்றில் இரண்டாலும் பெருக்குக. 2, 3, 9, 18 கிடைக்கும். 1/2, 1/3, 1/9, 1/18 ஆகியவற்றின் கூடுதல் 1. 18 செ.மீ. பட்டையில் 9, 6, 2, 1 செ.மீ. துண்டுகளை வைத்துக் குழந்தையே சரிபார்க்கலாம்.

5. பயிற்சி

அ) 1/3, 1/5: எது பெரிது? ஏன்?

ஆ) திருத்தணி மலைப்படிகள் 365. ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டால் மீதி எத்தனை?

இ) முக்கால் லிட்டர் மோரை மூவருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு எவ்வளவு?

ஈ) அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு இரயிலில் ஏறத்தாழ 69 கி.மீ.; திருவள்ளூர் ஏறத்தாழ 27 கி.மீ. திருவள்ளூரை அடையும்போது பாதி வழி கடந்தோமா?

விடைகள்: அ) 1/3, பங்குகள் குறைவு, ஆதலால் ஒவ்வொன்றும் பெரிது. ஆ) 292. இ) கால் லிட்டர். ஈ) இல்லை, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கே.

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். விடையைவிட, "எப்படிக் கண்டாய்?" என்னும் வினாவே முதன்மையானது. பிழையான விடைக்கும் குழந்தையிடம் ஒரு காரணம் இருக்கும். அதனைப் பொறுமையுடன் கேட்டறிந்தபின் பொருளைக் கையிற் கொடுத்துத் திருத்துக. கடிந்துரைத்தால் கணக்கின்மீது அச்சமே எஞ்சும்.