பற்களை எண்ணிப் பாருங்கள்

கெந்திங் மலைக்கு முதன்முறை மிதிவண்டியில் சென்றபோது, பாதி வழியில் இறங்கித் தள்ளினேன். குறை காலில் இல்லை, கணக்கில் இருந்தது.

முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். பந்தய வீரர்களைப் பார்த்து நான் வாங்கிய முன்சக்கரங்கள் 53, 39. மிக இலகுவான கியர் 39/25, அதாவது 1.56. டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். ஆகவே, மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு 46 மிதிச்சுற்றுகளே, முழங்கால் நொந்தது.

பிறகு 50, 34 பற்களுக்கு மாறினேன். 34/28 தருவது 1.21. அதே வேகத்தில் 59 சுற்றுகள். மிதிக்கும் விசை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. சமதளத்திலும் இழப்பில்லை: பழைய 53/12 தந்தது 4.42, புதிய 50/11 தருவது 4.55.

நண்பர்களே, வீரரைப் பார்த்து வாங்காதீர்கள். ஏறப்போகும் மலையைப் பார்த்து வாங்குங்கள்.