சிறுத்தைப் புள்ளி கொண்ட வீட்டுப் பூனை

வங்காளப் பூனை எனப் பெயர் பெற்றிருப்பினும் அது வங்காளத்தில் தோன்றியதன்று. 1963-இல் அமெரிக்காவில் ஜீன் மில் என்னும் பெண்மணி சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையுடன் இணைத்ததே அதன் தொடக்கம். அச்சிறுத்தைப் பூனை நமக்குப் புதியதன்று; இரவில் நம் தோட்டங்களில் எலி பிடித்துத் திரியும் 'கூச்சிங் பாத்து' அதுவே!

கலப்பின் முதல் தலைமுறை ஆண்குட்டிகள் மலடாயிருக்கும். நான்காம் தலைமுறை முதலே அதனை வீட்டு விலங்காகக் கொள்வர். அதன் பின்னரும் அது உயர ஏறித் தாவும்; தண்ணீரில் விளையாடும்; நாள்தோறும் விளையாட்டுக் காட்டாவிடில் வீட்டுப் பொருள்களைச் சிதைக்கும். இறைச்சி உணவும் தடுப்பூசியும் தவறாது வேண்டும். கோழி வளர்ப்போர் அதனை வெளியே விடலாகாது.

பால் வெட்டுமிடத்தில் புள்ளிக்குட்டியொன்றைக் கண்டால் நாம் அதனை வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. அது காட்டுவிலங்கே, வளர்ந்தபின் கடிக்கும், பிராண்டும். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைக் காக்கிறது. தாய் இரை தேடிச் சென்றிருக்கலாம், விலகி நிற்போம். நெடுநேரமாகியும் தாய் வாராவிடில் பெர்ஹிலித்தானுக்கு அறிவிப்போம்.