வான்வழித் தொலைவும் பிரயாண காலமும்

தூத்துக்குடியினின்று சென்னை எவ்வளவு தூரம் என்று வினவின், இருப்புப்பாதை வழியே செல்வோர் ஏறக்குறைய 650 கிலோமீட்டர் என்பர். ஓர் இரவு முழுதும் வண்டியிலேயே கழியும் என்றுங் கூறுவர். வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறுவோருக்கு அத்தூரமும் இல்லை, அக்காலமும் இல்லை. வான்வழித் தூரத்தை மாணாக்கர் தாமே கணித்தறியலாம். அதற்குத் தேசப்படமும் பள்ளிக் கணிதமும் போதும்.

வாகைக்குளம் வட அட்சம் 8 பாகை 43 கலையிலும் கிழக்குத் தீர்க்கம் 78 பாகை 2 கலையிலும் உள்ளது. சென்னை மீனம்பாக்கத்திற்கு இவை முறையே 12 பாகை 59 கலை, 80 பாகை 11 கலை. அட்ச வேற்றுமை 4 பாகை 16 கலை. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர் ஆகலின், வடக்கு நோக்கிய தூரம் 474. தீர்க்க வேற்றுமை 2 பாகை 9 கலை. தீர்க்க ரேகைகளோ துருவத்தை நோக்கி நெருங்குவன. ஆதலின் 11-ஆம் அட்சப் பாகையை ஒட்டி அவற்றின் இடைவெளி பாகைக்கு 109 கிலோமீட்டராகக் குறுகும். கிழக்கு நோக்கிய தூரம் 234 ஆயிற்று. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டு கர்ணங் காணின் 528 கிலோமீட்டர் வரும். உருண்டையான பூமிக்குத் தளக்கணிதம் பொருந்துமோ எனின், இச்சிறு தொலைவுக்குப் பிழை சொற்பமே. இலண்டன் வரை கணிப்போர் கோளத் திரிகோணமிதியை நாடுவாராக.

காலம் இவ்வளவு எளிதில் அகப்படுவதன்று. இவ்வழியில் நெடுநாளாகப் பறந்துவரும் ஏ.டி.ஆர். 72 என்னும் விசிறி விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வகுத்தால் 63 நிமிடம். கால அட்டவணையோ ஒன்றரை மணியளவு காட்டும். தரையில் ஊர்வதும், மேலேறுங்கால் வேகங் குன்றுவதும், இறங்க முறை வருமளவும் காத்திருப்பதும் மிச்சத்தை விழுங்குகின்றன. காற்றும் கணக்கிற் சேரும். மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால் 63 நிமிடம் 70 ஆகிவிடும்.

பெரிய விமானங்கள் இங்கு வாராமைக்குக் காரணம் ஓடுபாதையே. அது 1351 மீட்டராயிருந்தவரை விசிறி விமானங்களன்றிப் பிற இறங்க இயலவில்லை. பின்னர் அது 3115 மீட்டராக நீட்டப்பெற்றது. புதிய முனையமும் 2025 ஜூலை 26-இல் திறக்கப்பெற்றது.

முற்கூறிய முறையிலேயே வாகைக்குளத்திற்கும் கொழும்பின் கட்டுநாயக்க நிலையத்திற்கும் உள்ள தூரத்தைக் கணித்தால், 265 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். சென்னைத் தூரத்திற் பாதி. எனினும் அம்முனையம் திறந்த நாளில் இங்கிருந்து கொழும்புக்கு நேர்விமானம் இல்லை. வான்வழியே செல்வோர் மதுரைக்குச் சாலைவழி போய் ஏறவேண்டும். அன்றேல் சென்னை சென்று திரும்பத் தெற்கே ஏறக்குறைய 1170 கிலோமீட்டர் சுற்றவேண்டும். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை கொழும்புத் தபாற்கப்பல் புறப்பட்டது இத்துறைமுகத்திலிருந்தே. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தோற்றுவித்த சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் ஓடியதும் இக்கொழும்புத் தடத்திலேதான்.