சைக்கிள் ஓட்டும்போது எந்த இயர்போன்?

ஹைதராபாத்தின் ஹப்சிகுடாவில் மெட்ரோ தூண்களை ஒட்டி உப்பல் சாலையில் சைக்கிள் மிதிப்பவருக்குக் காதுதான் பின்பக்கக் கண்ணாடி. ரப்பர் முனையால் காதுத் துளையை அடைப்பவையும், வெளிச்சத்தத்தைத் தடுப்பவையும் ஜிம்முக்குச் சரி. சாலைக்கு வேண்டவே வேண்டாம்.

கன்ன எலும்பு வழியே ஒலியை அனுப்பும் ‘போன் கண்டக்‌ஷன்’ வகையோ, துளைக்கு வெளியே நிற்கும் ‘ஓப்பன் இயர்’ வகையோ வாங்குங்கள். பாஸ் குறைவாகத்தான் கேட்கும், பரவாயில்லை. கடைக்கு ஹெல்மெட்டையும் எடுத்துப் போங்கள். வாரும் இயர்போனும் இடிக்கிறதா, தலையை உலுக்கினால் நழுவுகிறதா என்று பார்த்துவிடலாம்.

வியர்வைக்கு ஐபிஎக்ஸ்4 தரம் போதும். மழையிலும் ஓட்டுபவர் ஐபிஎக்ஸ்5-க்குக் கீழே இறங்க வேண்டாம். துடைத்து உலர்த்திய பிறகே சார்ஜ் போடுங்கள்; வியர்வையின் உப்பு சார்ஜ் முனைகளை அரித்துவிடும்.

80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக்குவரத்து இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றுவது காதுக்கே கேடு. பாட்டு கேட்டபடி ஓட்ட உஸ்மானியா பல்கலைக்கழக வளாகச் சாலைகள் மேல்.

புதிது வாங்க இப்போது முடியாதா? பழைய ஜோடியில் இடது காதில் மட்டும் மாட்டுங்கள். நம் ஊரில் வண்டிகள் வலப்பக்கம்தான் முந்தும். உப்பல் சந்திப்பு நெருங்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள்.