பாலா, கொழுப்பா?

கேள்வி: யூதர்கள் 'எழுதிய தோரா', 'வாய்மொழித் தோரா' என்று இரண்டைச் சொல்கிறார்கள். இறைவன் தந்த நூல் கையில் இருக்கும்போது இரண்டாவது எதற்கு? அதுவும் மிஷ்னா, தல்மூத் என்று எப்போதோ புத்தகமாகிவிட்டது. பிறகும் அதை ஏன் வாய்மொழி என்கிறார்கள்?
— வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோராச் சுருளை விரித்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அதில் உயிரொலிக் குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகளும் இல்லை. ஹெத், லாமெத், பேத் என்று மூன்று மெய்கள் சேர்ந்து ஒரு சொல் வருகிறது. ஒரு விதமாக உயிர் சேர்த்தால் அது பால். இன்னொரு விதமாகச் சேர்த்தால் கொழுப்பு. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்று யாத்திராகமத்தில் வரும் கட்டளையில் இருப்பது இந்தச் சொல்தான். இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம் என்று நடக்கும் யூதச் சமையலறை இந்த வாசிப்பின்மேல் நிற்கிறது. அந்த மூன்றெழுத்து மட்டும் 'பால்' என்று சொல்லிவிடாது. சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படிச் சொன்னார்கள். தல்மூதே இந்தச் சொல்லை எடுத்துவைத்து விவாதிக்கிறது.

தல்மூதில் ஹில்லேல் என்ற யூத ஞானியைப் பற்றி ஒரு கதை உண்டு. மதம் மாற வந்த ஒருவர் எழுதிய தோராவை மட்டும் ஏற்பேன் என்றார். ஹில்லேல் முதல் நாள் அவருக்கு எழுத்துகளை வரிசையாகக் கற்றுக்கொடுத்தார். மறுநாள் தலைகீழாகச் சொன்னார். வந்தவர் திகைத்தார். இது அலெஃப், இது பேத் என்பதற்கே என் வாய்ச்சொல்லை நம்பினாய், மற்றதற்கும் நம்பு என்பது ஹில்லேலின் பதில்.

வாய்மொழியின் தேவை வாசிப்போடு நிற்கவில்லை. ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்கிறது தோரா, எது வேலை? மிஷ்னா 39 வகைகளைச் சொல்கிறது. கண்ணுக்குக் கண் என்றால் கண்ணைப் பிடுங்குவதல்ல, பணமாக ஈடு கொடுப்பதே என்று தல்மூத் முடிவுசெய்கிறது. இந்த இடத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வாய்மொழி இங்கே நூலுக்குப் பின்னிணைப்பாக இல்லை. அதன் கடுமையைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தோடு இருக்கிறது. சதுசேயர் என்ற பழைய யூதப் பிரிவினரும் பிற்காலத்தில் காராயிட்டுகள் என்ற பிரிவினரும் மறுத்தது இந்த அதிகாரத்தைத்தான். எழுதிய தோரா, வாய்மொழித் தோரா இரண்டுமே சீனாய் மலையில் மோசேக்குக் கொடுக்கப்பட்டவை என்பது ரப்பிகள் என்ற யூத மத ஆசான்களின் நம்பிக்கை. வரலாற்றாசிரியர்கள் வாய்மொழி மரபு பல தலைமுறைகளாக வளர்ந்தது என்பார்கள்.

இனி, புத்தகமான கதை. வாயால் சொல்லப்பட்டதை எழுதக் கூடாது என்ற கட்டுப்பாடு ரப்பிகளிடம் இருந்தது. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தது. 135இல் ரோமுக்கு எதிரான பார் கோக்பாவின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மரபைத் தாங்கிய மனிதர்கள் குறையக் குறைய, கேட்டதெல்லாம் கைவிட்டுப் போகுமோ என்ற பயம் கூடியது. சுமார் 200இல் ரப்பி யூதா ஹநாசி மிஷ்னாவை 6 பிரிவுகளாகத் தொகுத்தார். அதன் பிறகும் பாபிலோனியக் கல்விச்சாலைகளில் அதை மனப்பாடமாக ஒப்பிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

புத்தகமான பின்னும், மிஷ்னாவின் மேல் நடந்த விவாதங்களின் தொகுப்பான தல்மூதைத் திறந்தால் பேச்சுதான் கேட்கும். ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார், தோற்ற கருத்தும் சொன்னவர் பெயரோடு நிற்கும். சில வழக்குகள் தீராமலே முடியும். அதற்கு 'தேக்கு' என்றே ஒரு சொல் உண்டு. 1520களில் பொம்பெர்க் என்ற அச்சகர் வெனிஸில் அச்சிட்ட பக்கத்தில் நடுவே தல்மூத், ஒரு பக்கம் ராஷி என்ற அறிஞரின் உரை, மறுபக்கம் தோசஃபோத் என்ற உரை. ராஷியோடு வாதிடும் அந்த இரண்டாம் உரையில் அவருடைய பேரன்களின் குரலும் உண்டு. இன்றும் இதை இருவர் எதிரெதிரே அமர்ந்து, சத்தமாக வாசித்து, சண்டை போட்டுத்தான் படிக்கிறார்கள்.

சுருளுக்கும் அதே நிலைதான். வாசிப்பவர் உயிர்க்குறி போட்ட புத்தகத்தில் முன்கூட்டியே பயிற்சி செய்துவிட்டு வருவார். சுருளின் முன் நின்று ஒரு சொல்லைப் பொருள் மாறும்படி பிழையாக உச்சரித்தால், பக்கத்தில் நிற்பவர் உடனே உரக்கத் திருத்துவார். வாசிப்பவர் திரும்பிப் போய் அந்தச் சொல்லைச் சரியாக வாசிக்க வேண்டும்.